லாரிக்காரர்கள் சொல்லித் தராத ஒரு சொல்

கெட்டிக்காரனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு வேலையில் பெயர் வாங்கிவிட்டால் போதும், உலகத்தில் உள்ள மற்ற வேலைகளெல்லாம் அந்த வேலைக்குத் தம்பிதான் என்று நினைத்துக்கொள்வான். இதை நான் யாரையோ சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன். (வேறு கெட்டிக்காரர்கள் யாரும் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.)

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நான் விடை கொடுத்தேன். வாத்தியார் இதைக் கொஞ்சம் வேறு மாதிரி சொல்வார், போகட்டும். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் மைதா மாவில். செங்கோட்டை ரோட்டில் மைதீன் பாய் கடையில் பரோட்டா மாஸ்டர் என்றால் நான்தான். கேரளா போகிற லாரிகளெல்லாம் எங்கள் கடை வாசலில் தானாக நிற்கும். டிரைவர் அசந்து தூங்கினாலும் லாரி நிற்கும். நான் மாவை வீசினால் எதிரே இருப்பவன் முகம் அதற்குள்ளே தெரியும், அவ்வளவு மெல்லிசு. சுட்டெடுத்த பரோட்டாக்களைக் கல்லிலேயே அடுக்கி, இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் ஓர் அறை அறைவேன் பாருங்கள், அடுக்கடுக்காகப் பூ மாதிரி விரியும். அந்தச் சத்தத்தைக் கேட்டே, "மாஸ்டர் இன்னைக்கு நல்ல மனநிலையில இருக்காரு" என்று சொல்லுகிற ஆட்கள் இருந்தார்கள்.

ஐம்பது வயதை நெருங்குகிற நேரத்தில் மூச்சு மக்கர் பண்ண ஆரம்பித்தது. இத்தனை வருஷமாக நான் மாவைப் பிசைந்ததற்குப் பதிலுக்கு மாவு என் நெஞ்சைப் பிசைந்திருக்கிறது. தென்காசி டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, மாவுத் தூசியும் அடுப்புப் புகையும் இனி ஆகாது. பரோட்டாவா, மூச்சா, ஒன்னை முடிவு பண்ணிக்கிடுங்க."

மைதீன் பாய் நல்ல மனிதர். "வேற வேலை கெடைக்குதான்னு பாரும். இந்த வாரம் முடியிற வரைக்கும் உம்ம இடத்துல யாரையும் போடமாட்டேன். ஒன்னும் அமையலன்னா திங்கக்கிழமை வந்து நில்லும்" என்றார். அமையவில்லையென்றால் நான் மறுபடியும் அந்தக் கல்லுக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். இரவில் நான் இழுக்கிற மூச்சுச் சத்தம் கேட்டு என் மனைவி பேச்சியம்மாள் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். ஒன்றும் சொல்ல மாட்டாள், வெந்நீர் வைக்கப் போவாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

அந்த வாரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் கேரளா முறையில் எண்ணெய் மசாஜ் செய்யத் தெரிந்த ஆள் தேவை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது, அது எனக்காகவே போட்ட வேலை. மசாஜ் என்றால் என்ன? எண்ணெய் ஊற்ற வேண்டும், பிசைய வேண்டும், தட்ட வேண்டும், திருப்பிப் போட வேண்டும். இதைத்தானே கால் நூற்றாண்டாகச் செய்துகொண்டிருந்தேன்?

"ஏங்க, மாவுக்கு வலிக்காது. மனுசனுக்கு வலிக்கும்லா?" என்றாள் பேச்சியம்மாள்.

"வலி போகணும்னுதானட்டி அவன் வாரான்? என் கை பட்டா வலியே வழி கேட்டு ஓடிரும்."

மகள் கோமதி அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, வெளையாடாதீங்க. முதுகெலும்பு மேல நேரா அமுக்கக் கூடாது. கழுத்துப் பக்கம் ரொம்பக் கவனம்."

"ஏட்டி, எலும்பே இல்லாத மாவுலயே அடுக்கு கொண்டாந்தவன் உங்கப்பன். எலும்பு இருந்தா இன்னும் லேசுதான்."

கோமதி என்னைப் பார்த்தாள். பிறகு அவள் அம்மாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் பேசாமல் உள்ளே போய்விட்டார்கள். (என் திறமையைக் கண்டு வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன்.)

ரிசார்ட் மேனேஜர் பிரவீன், சேலம் பக்கத்துப் பையன். அருவியில் தண்ணீர் விழுகிறதா என்பதைக்கூட மொபைலில் பார்த்துத் தெரிந்துகொள்கிற ரகம்.

"எங்கே படிச்சீங்க அண்ணாச்சி?" என்று கேட்டான்.

"இது படிக்கிற வித்தை இல்ல தம்பி. ரத்தத்துல வருது. எங்க தாத்தா அந்தக் காலத்துலயே மலைக்கு அந்தப் பக்கம் போயி வந்தவரு."

(தாத்தா போனது சத்தியம். காணாமல் போன எருமையைத் தேடிப் போனார். அது கிடைத்ததா என்று தெரியவில்லை.)

"மலையாளம் வருமா? எங்க கெஸ்ட் நெறைய பேர் கேரளாக்காரங்க."

அவ்வளவுதான், அணையைத் திறந்துவிட்டேன். "வா சாரே, இரிக்கு! எந்தா வேண்டே? சூடுண்டு! குறச்சு கூடி வேணோ? மதியோ?"

பிரவீன் அசந்துபோனான். உட்காருங்க, என்ன வேணும், சூடா இருக்கு, இன்னும் கொஞ்சம் வேணுமா, போதுமா என்று நான் பரோட்டாக் கடையில் பரிமாறிய மொத்த மலையாளமும் அதுதான் என்பது சேலத்துக்காரனுக்கு எப்படித் தெரியும்? லாரிக்காரர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான்.

"ஒரு டிரையல் பார்த்துடலாம் அண்ணாச்சி. நம்ம தோமாச்சன் சார் வந்திருக்கார். புனலூர்ப் பக்கம் பெரிய பழத்தோட்டக்காரர், முதலாளிக்கு ரொம்ப வேண்டியவர். அவர் சரின்னு சொன்னா நாளைக்கே வேலைக்கு வந்துடலாம்."

அவர் ஒரு தலை ஆட்டினால் எனக்கு மாவிலிருந்து விடுதலை. சுவாமி படத்தை நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அந்த அறைக்குள் நுழைந்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நடுவில் நீளமான மேஜை. மேஜைமேல் தோமாச்சன் குப்புறப் படுத்திருந்தார். அகலமான முதுகு, வெள்ளை வெளேரென்று, நல்ல மிருது. நான் என்ன செய்வேன்? இரவெல்லாம் ஈரத்துணி போட்டு மூடி ஊறவைத்த மாவு மாதிரியே இருந்தார்.

எண்ணெயை எடுத்து ஊற்றினேன். பிரவீன் கதவோரம் நின்று பதறினான். "அண்ணாச்சி, மூலிகை எண்ணெய், கொஞ்சமா..."

"எண்ணெயில கை சுருக்குனா அடுக்கு... எலும்பு பிரியாது தம்பி."

ஆரம்பம் பிரமாதமாகத்தான் இருந்தது. உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்ததும் அவர் "ஆஹா" என்றார். அந்த ஒரு ஆஹாவில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "சூடுண்டு சாரே, நல்ல சூடுண்டு!" என்று தைரியம் சொன்னபடியே பிசைந்தேன். பிசையப் பிசைய கை என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டுப் பழைய முதலாளி பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. தோள்பட்டையில் பளாரென்று ஒன்று வைத்தேன்.

"பதுக்கே!" என்றார் தோமாச்சன்.

கை நின்றது. பதுக்கே? பதுக்கு என்கிறாரா? எங்கள் பக்கத்தில் பதுக்கல் என்றால் ரேஷன் அரிசிதான். இங்கே அரிசி ஒன்றையும் காணோம். பிறகு கதவோரம் நிற்கிற பிரவீனைப் பார்த்தேன், புரிந்துவிட்டது. பாவம், பெரிய மனிதர், கூச்சப்படுகிறார். ஒரு துண்டை எடுத்து முதுகில் போர்த்தினேன். துண்டு போட்டால் அடி உறைக்காதே என்று, கொஞ்சம் கூட்டியே வைத்தேன்.

"ஐயோ! பதுக்கே, பதுக்கே!"

இன்னும் தெரிகிறது போல. இரண்டாவது துண்டு. கால் பக்கம் ஒரு போர்வை.

"என்ன சொல்றார் அண்ணாச்சி?" என்றான் பிரவீன்.

"ரொம்பக் கூச்ச சுபாவம் தம்பி. மூடச் சொல்லுதாரு. நீ வேணா அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

நல்ல பையன், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். நான் இரண்டு கையையும் பக்கவாட்டில் நிறுத்தி, கொத்துப் பரோட்டாத் தாளத்தைத் தொடங்கினேன். டக்கட டக்கட டக்கட. கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரு நடை, இடுப்பிலிருந்து கழுத்துவரை ஒரு நடை. உள்ளேயிருந்து "பதுக்கே" என்ற குரல் தாளத்துக்கேற்பத் துண்டு துண்டாக வந்தது. தலையை மட்டும் மூடாமல் விட்டுவிட்டோமே என்று கடைசித் துண்டை எடுத்துத் தலையிலும் சுற்றினேன்.

அங்கேதான் விதி உட்கார்ந்திருந்தது. மேஜை விளிம்பில், வெள்ளைத் துண்டு சுற்றி, உருண்டையாக, ஆவி பறக்காத குறையாக அந்தத் தலை. சத்தியமாக நான் நினைத்துச் செய்யவில்லை. இரண்டு கையும் தாமாக விரிந்தன. இரண்டு பக்கமும், இரண்டு காதிலும் சேர்த்து, படார் என்று ஓர் அறை.

அதோடு போயிருக்கலாம். ஆனால் அந்த அறைக்குப் பிறகு என் வாய் என்ன சொல்லுமோ அதையும் சொல்லிவிட்டது, அதுவும் கடை வாசல்வரை கேட்கிற குரலில்:

"ரெண்டு செட்டு ரெடீ! சால்னா யாருக்கு?"

அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. (என்னுடையதைத் தவிர. அது எப்போதும் இருக்கும்.)

துண்டுகள், போர்வை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு தோமாச்சன் எழுந்து உட்கார்ந்தார். காது இரண்டும் தக்காளி. அவர் மலையாளத்தில் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அது எனக்குப் புரியாது, தப்பித்துவிடலாம். ஆனால் அந்த மனிதர் வருஷக்கணக்காகத் தென்காசிக்குப் பழம் அனுப்புகிறவர். சுத்தமான நம் ஊர்த் தமிழில் கேட்டார்:

"வே, நீரு யாருவே?"

"சார், நான் வந்து, பாரம்பரியமா..."

"பதுக்கேன்னா மெதுவான்னு அர்த்தம்வே! மெதுவா, மெதுவான்னு கத்துதேன், நீரு பொணத்தை மூடுத மாதிரி மூடிக்கிட்டே அடிக்கேரு!"

எனக்கு உண்மையைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை. "எங்க பரோட்டாக் கடைக்கு வார லாரிக்காரங்க ஒருத்தர்கூட அந்த வார்த்தையைச் சொன்னதே இல்ல சார். எல்லாரும் வேகம், வேகம்னுதான் சொல்லுவாங்க."

பிரவீன் சுவரிலிருந்து திரும்பினான். "அண்ணாச்சி, கிளம்புங்க" என்றான். அதில் மரியாதை குறையவில்லை, அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பேச்சியம்மாளிடம் போய் என்ன சொல்வது? திங்கட்கிழமை மாவு மூட்டையைப் பிரிக்கும்போது எழும்புகிற அந்த வெள்ளைப் புகை இப்போதே மூக்கில் ஏறியது மாதிரி இழுப்பு வந்துவிட்டது. குனிந்து இருமிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் செருப்புச் சத்தம். தோமாச்சன், இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தார்.

"மறுபடி பரோட்டாதானா?" என்றார்.

"வேற என்ன தெரியும் சார் எனக்கு?"

"இந்த மூச்சை வச்சுக்கிட்டா?"

எனக்கு மறுபடி இருமல் வந்தது. அவர் கொஞ்ச நேரம் என் மூச்சைக் கேட்டபடி நின்றார். (பஞ்சையும் மீறிக் கேட்டிருக்கிறது.) திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். சிரித்ததில் முதுகு வலித்து, "அம்மே" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பிறகும் சிரித்தார்.

"உம்ம கை கொலைகாரக் கைவே. ஆனா அந்த வாய் இருக்கே! எலும்பு நொறுங்குது, அப்பவும் நீரு சூடுண்டு சூடுண்டுன்னு சொன்னதைக் கேட்டு, இவரு பெரிய வைத்தியராத்தான் இருக்கணும்னு நம்பிக்கிட்டுக் கெடந்தேன். உம்ம கையைக் கட்டிப்போட்டுட்டு வாயை அவுத்துவிட்டா நீரு எதையும் வித்துருவீரு. என் ரம்புட்டான் வண்டி நாளைக்கு வருது. ஐந்தருவி ரோட்டுல எனக்குக் கொஞ்சம் இடம் இருக்கு. நின்னு வித்துப் பாரும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கையைப் பிடிக்கப் போனேன். சட்டென்று ஓர் அடி பின்னால் தள்ளி நின்றார்.

"ஒரே ஒரு கட்டளை. பழத்தை நீரு தொடக்கூடாது. எடுத்துப் போட உம்ம வீட்டம்மா வரட்டும்."

அப்படித்தான் நான் பழ வியாபாரி ஆனேன். நான் வாயால் விற்றேன், பேச்சியம்மாள் கையால் நிறுத்துப் போட்டாள். குளித்துவிட்டு ஈரத்தலையோடு போகிறவனை நிறுத்தி, மங்குஸ்தானுக்கும் அவன் குடும்ப ஒற்றுமைக்கும் உள்ள சம்பந்தத்தை விளக்கி, மூட்டையோடு அனுப்பியிருக்கிறேன். இன்றைக்கு எனக்குக் குற்றாலத்தில் மூன்று கடை. படித்தவர்கள் எத்தனை பேர் மூன்று கடை வைத்திருக்கிறார்கள், சொல்லுங்கள் பார்ப்போம். இரவில் பேச்சியம்மாள் எழுந்து உட்காருவதில்லை. தூக்கத்தில் அவள் விடுகிற குறட்டைக்கு இப்போது நான்தான் எழுந்து உட்காருகிறேன்.

ஆனால் வீட்டில் எனக்கு என்ன மரியாதை? நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால், வண்டியை முறுக்கினால், யார் தோளிலாவது அன்பாகக் கை வைக்கப் போனால், உடனே ஒரு சத்தம் வரும்: "பதுக்கே!"

போன வருஷம் கோமதிக்குக் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் எனக்கு உணர்ச்சி பொங்கிவிட்டது. மாப்பிள்ளை ஒல்லியான பையன், தலையில் தலைப்பாகை. அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்து உச்சி முகர வேண்டும் என்று கையை விரித்துக்கொண்டு மேடையில் ஏறினேன். மாலையும் கழுத்துமாக இருந்த கோமதி அலறினாள்: "அப்பா, பதுக்கே, பதுக்கே!" இந்தப் பக்கம் பேச்சியம்மாள்: "பதுக்குங்க, பதுக்குங்க!" (மரியாதை சேர்த்து மலையாளத்தை அவள் அப்படித்தான் பேசுவாள்.)

மேடைக்குப் பின்னால் கீழப்பாவூர்ச் சம்பந்தி நின்றிருந்தார். சர்க்கரை உள்ள மனிதர், அவர் வீட்டம்மா இனிப்பைக் கண்ணில் காட்டுவதில்லை. கூட்டத்தோடு கூட்டமாக யாருக்கும் தெரியாமல் ஒரு லட்டை அப்போதுதான் கையில் எடுத்திருக்கிறார். இரண்டு பக்கமிருந்தும் பதுக்கு பதுக்கு என்று சத்தம் வந்ததும் ஆள் ஆடிப்போய், லட்டைப் பட்டுச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டார். நெய் லட்டு. படம் எடுப்பதற்குள் பை மஞ்சளாகிவிட்டது.

சம்பந்தியம்மா அவர் பையையே பார்த்தார்கள். "யாரு உங்களைப் பதுக்கச் சொன்னா?"

"பொண்ணு வீட்டுலதான். தாயும் மகளுமாச் சேர்ந்து, அதுவும் ரெண்டு ரெண்டு தடவை சொல்லுதாங்க. நான் எப்படித் தட்டுவேன்?" என்றார் சம்பந்தி.