வியாழன் கிரகத்துக் கிலோ

பசியை ஒழிக்க உலகமே சோற்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, தக்க கிரகத்தைத் தேடிய ஒரே மேதை, குழந்தைகள் ஊட்டச்சத்துத் துறையின் இயக்குநர்தான்.

அன்று காலை அவருக்கு மனமே சரியில்லை. துறையின் மையங்களில் சத்துமாவு வாங்கும் குழந்தைகளில் பாதிப்பேர் எடை குறைவு. மாத இறுதிக்குள் எடை ஏறாவிட்டால் பதவி உயர்வு அம்பேல். அந்தக் கவலையோடு கோளரங்கம் ஒன்றைத் திறந்துவைக்கப் போனவர், அங்கிருந்த வேடிக்கை எடை இயந்திரத்தில் ஏறினார். நிலாவின் பொத்தானை அழுத்தினார்கள். தொண்ணூறு கிலோ ஆசாமி பதினைந்தே கிலோ! வியாழன் கிரகத்தை அழுத்தினார்கள். இருநூறைத் தாண்டியது. இயக்குநர் இறங்கவில்லை, நின்ற இடத்திலேயே ஞானம் பெற்றார்.

மறுநாள் அவசரக் கூட்டம்.

“சார், நெப்டியூன் போதாதா? கொஞ்சமாத்தான் ஏறும். யாருக்கும் சந்தேகம் வராது” என்றார் துணை இயக்குநர்.

“போட்டுப் பாத்தாச்சுய்யா. அங்கேயும் நிறைய பிள்ளைங்க தேற மாட்டேங்குது.”

“சனி?”

“காலங்காத்தால அந்தப் பேரை எடுக்காதே! வியாழன்தான். ரெண்டு மடங்குக்கு மேல அடிக்குது.”

மையம்தோறும் வியாழன் இயந்திரம் வந்து இறங்கியது. ஒரே வாரத்தில் ‘எடைக் குறைவு’ பூண்டோடு ஒழிந்தது. பதிலுக்குப் ‘பருமன்’ தலைதூக்கியது. இயக்குநர் அசருவாரா? குழந்தைகளின் உடல்நலன் கருதிச் சத்துமாவை நிறுத்தினார்.

தையல் ஆலையில் வேலை பார்க்கும் ஒரு தாய், மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். இயக்குநர் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்.

“ஐயா, என் பொண்ணு குண்டாம், மாவு கிடையாதாம். தினமும் ஓட விடச் சொல்றாங்க. இவளால நிக்கவே முடியலைங்க.”

“இருபத்திரெண்டு கிலோ காட்டுதேம்மா! இன்னும் மாவு குடுத்தா இதயத்துக்கு ஆபத்து.”

“அது எந்த ஊரு கிலோங்க?”

“அது அறிவியல்மா. உனக்குப் புரியாது.”

“பசி இங்கதானேய்யா எடுக்குது? நீங்களே தூக்கிப் பாருங்க.”

மக்கள் குறையை நேரில் அறிவதில் இயக்குநருக்கு நிகர் அவரேதான். எழுந்தார். ஒற்றைக் கையால் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கினார்.

“அடேயப்பா, என்ன கனம்!” என்றார்.

மறு கையிலிருந்த தேநீர் தளும்பக்கூட இல்லை.