கையெழுத்தாகாத பள்ளம்

மதிப்பிற்குரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் வீட்டில் மற்ற அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் நலம் என்று எழுதிவிட்டு, இடது கணுக்காலில் வீக்கம் முழுவதும் வடியாதபோது அப்படி எழுதுவது முறைதானா என்று கால் மணி நேரம் யோசித்தேன். ஆகவே, பெரும்பாலும் நலம்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வாசலுக்கு முன்னால் நாற்பத்து மூன்று நாட்களாகத் திறந்து கிடந்த பள்ளம் நேற்றுப் பிற்பகல் மூடப்பட்டுவிட்டது. மண் போட்டு, தண்ணீர் ஊற்றி, உருளை ஓட்டி அமுக்கிவிட்டார்கள். நான் அதன்மேல் ஏழு முறை நடந்து பார்த்தேன். அதில் இரண்டு முறை கையில் ஒரு வாளித் தண்ணீருடன் நடந்தேன், ஏனென்றால் தங்கள் தங்கை என்னைவிடச் சற்று எடை கூடியவள். (இந்த ஒரு வரியை மட்டும் அவளிடம் படித்துக் காட்ட வேண்டாம்.) மண் அசையவில்லை. இனி அவள் தயக்கமில்லாமல் வீடு திரும்பலாம் என்பதைத் தாங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

தொலைபேசியில் நானே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தொலைபேசியில் அவள் "நல்லாத்தான் இருக்கேன், வைங்க" என்பதற்கு மேல் பேசுவதில்லை. போன வாரம் தாங்கள் அவள் கையிலிருந்து வாங்கி, "மாப்பிள்ளை, பள்ளம் இல்ல விஷயம். பதினோரு நாள் முன்னாடியே தெரிஞ்சும் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுட்டு வாயே தெறக்கலியாமே, அதச் சொல்லிச் சொல்லித்தான் மாஞ்சு போறா" என்றீர்கள். எனக்குத் தொலைபேசியில் பேச வராது. எழுத்தில் என்றால் ஓரளவு பேசிவிடுவேன். ஆகவே நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். தவறு என் பக்கம் என்று தங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. என்ன, எனக்குத் தோன்றுவது சரியாக இருக்குமா என்பதில்தான் எனக்கு எப்போதும் சந்தேகம்.

தேர்வு வினாத்தாள் அச்சடிக்கும் அச்சகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்துபவனாக இருந்தேன் என்பது தாங்கள் அறிந்ததே. அதிகாரி கையெழுத்துப் போடாத தாளில் உள்ளது வெளியே போகக் கூடாது என்பதுதான் அங்கே முதல் விதி, கடைசி விதி. மகள் பரீட்சை எழுதிய ஆண்டு நானே மனுக் கொடுத்து, காலண்டர் அச்சிடும் பிரிவுக்கு மாறிக்கொண்டேன். அப்போது தங்கள் தங்கைக்கு அதில் பெருமைதான். "எங்க வீட்டுக்காரர் வாயில பூட்டு, சாவி ஆபீஸ்ல" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். ஓய்வு பெற்றபின் சாவியை அவர்கள் திருப்பித் தரவில்லை போலும். சென்ற ஆண்டு எங்கள் ஊராட்சி அலுவலக எழுத்தர் வீடு தேடி வந்தார். "ஐயா, நான் எழுதுற அறிவிப்ப ஜனங்க படிக்கவே முடியலங்கறாங்க. குப்பை வண்டி செவ்வாய்க்கிழமைன்னு எழுதுனா வெள்ளிக்கிழமை வச்சுட்டு நிக்கிறாங்க. நீங்க கொஞ்சம் எழுதிக் குடுத்தா புண்ணியமாப் போவும்" என்றார். அன்றிலிருந்து தண்ணீர் எப்போது வரும், எந்தத் தெருவில் விளக்கு மாற்றுவார்கள், எந்தச் சாலை அடைக்கப்படும் என்கிற அறிவிப்புகள் எல்லாம் என் கையெழுத்தில்தான். எழுத்தர் விவரம் தருவார், நான் வரைவு எழுதுவேன், செயலாளர் அம்மா கையெழுத்திடுவார், பிறகு தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே உள்ள பலகையில் நானே ஒட்டுவேன். ஊரில் எனக்கு நோட்டீஸ்காரர் என்று பெயரும் ஆகிவிட்டது.

பத்தொன்பதாவது அறிவிப்பு எங்கள் தெருவைப் பற்றியது. கழிவுநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டப்படும், பணி மூன்று நாட்களில் முடியும், அதுவரை குடியிருப்போர் ஒத்துழைக்க வேண்டும் என்பது அதன் சாரம். வேலை தொடங்கப் பதினோரு நாள் முன்பே அந்த விவரம் என் கைக்கு வந்துவிட்டது. வரைவும் அன்றே எழுதி முடித்தேன். ஆனால் செயலாளர் அம்மா பயிற்சிக்குப் போயிருந்தார். கையெழுத்தாகவில்லை. தாளை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். தங்கள் தங்கையிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என நினைத்துவிடாதீர்கள், தினமும் தோன்றியது. நான்காம் நாள் சாப்பிடும்போது பொறுக்க முடியாமல், "வெளிய போற வேல ஏதாவது இருந்தா இந்த வாரமே முடிச்சுக்கோயேன்" என்று சொல்லிவிட்டேன். "ஏன்?" என்றாள். "சும்மாதான்" என்றேன். அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா? டாக்டர் ஏதாவது சொன்னாரா? எங்கிட்ட மறைக்காதீங்க" என்றாள். அந்த வாரம் முழுக்க எனக்கு உப்பைக் குறைத்துப் போட்டாள். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது நினைத்துப் பார்க்கையில், அவளுக்கு அதிகமாக வலித்தது அந்த உப்பாகத்தான் இருக்கும்.

வேலை தொடங்கிய அன்று காலை ஒன்பது மணிக்கு அவள் கண் மருத்துவரிடம் போனாள். ஒன்பது இருபதுக்கு இயந்திரம் வந்தது. அவள் திரும்பும்போது பதினொன்றரை. எங்கள் கதவுக்கும் தெருவுக்கும் நடுவே மூன்றடி நான்கு அங்குல அகலத்தில் ஒரு பள்ளம். அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். மேஸ்திரி ஒரு பலகையைக் குறுக்கே போட்டு, "வாங்கம்மா, கண்ண மூடிக்கிட்டு ரெண்டே எட்டு" என்று கூப்பிட்டார். பலகையின் அகலம் எட்டு அங்குலம். அவள் முழங்காலைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தவிரவும் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு அனுப்பியிருந்தார்கள். எதிர்வீட்டுத் தையற்காரர் தையலை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றார். அவள் என்னைப் பார்த்து, "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "வரைவு நிலையில் தெரியும்" என்றேன்.

மைத்துனர் அவர்களே, கல்யாணமாகி முப்பத்தெட்டு ஆண்டுகளில் அவள் அப்படி என்னைப் பார்த்ததில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பழக்கம். "அப்படியா, சரி. என் பெட்டியக் குடுங்க" என்று மட்டும் சொன்னாள். துணி உலர்த்தும் கொம்பில் மாட்டி நான்தான் பெட்டியை நீட்டினேன். தையற்காரர் வாங்கிக் கொடுத்தார். பன்னிரண்டே கால் பேருந்தில் அவள் தங்கள் ஊருக்கு ஏறிவிட்டாள். மறுநாள் செயலாளர் அம்மா வந்து கையெழுத்துப் போட்டார். கையெழுத்தான அறிவிப்பை ஒட்டாமல் இருப்பதும் விதிமீறல் என்பதால், பள்ளம் வெட்டப்படும் என்ற அறிவிப்பை, வெட்டிய பள்ளத்தைத் தாண்டிப் போய் ஒட்டினேன். தையற்காரர், "நோட்டீஸ்காரரே, பள்ளத்துக்குள்ள நின்னு ஒட்டுனா இன்னும் பொருத்தமா இருக்கும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

மூன்று நாள் என்பது நாற்பத்து மூன்று ஆன கதையைச் சுருக்கமாகச் சொல்ல முயல்கிறேன். முதலில் இயந்திரம் பழுதானது, பிறகு இயந்திரம் சரியாகி ஓட்டுநருக்கு உடம்பு முடியாமல் போனது, பிறகு மழை, பிறகு குழாய்கள் வந்தன, ஆனால் மூட்டுகள் வரவில்லை, மூட்டுகள் வந்தபோது அவை வேறோர் ஊரின் குழாய்களுக்கு உரியவை என்று தெரிந்தது. நான் பொறுமையிழந்து ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிக் கொண்டுபோனேன். எழுத்தர் அதை வாங்கி முத்திரை குத்திவிட்டு, திரும்ப என்னிடமே நீட்டினார். "ஐயா, மனுவுக்குப் பதில் எழுதறதும் உங்ககிட்டதான் வருது. வந்தது வந்தீங்க, கையோட இதையும் முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடுங்களேன்." மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து மனுவைப் படித்தேன். மனுதாரரின் வருத்தம் எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆயினும் பதற்றத்தில் கதவு எண்ணைக் குறிப்பிடத் தவறியிருந்தார். விதிப்படி மனுவைத் திருப்பி அனுப்பினேன். மறுவாரம் கதவு எண்ணுடன் மீண்டும் விண்ணப்பித்தேன். 'தங்கள் மனு கவனமான பரிசீலனையில் உள்ளது' என்று பதில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்துத் தபால்காரர் அந்தப் பதிலை ஒரு கல்லில் சுற்றிப் பள்ளத்துக்கு மேலாக வீசினார். பிரித்துப் படித்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வரத்தான் செய்தது.

கணுக்கால் விஷயம் முப்பத்தைந்தாம் நாள் நடந்தது. பொதுமக்களை எச்சரிக்கும் அறிவிப்பில் பள்ளத்தின் ஆழத்தையும் குறிப்பிட்டால் நல்லது என்று தோன்றியதால் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு குனிந்தேன். ஆழம் ஐந்தடி இரண்டு அங்குலம். இதை நான் உள்ளிருந்து உறுதி செய்துகொண்டேன். என் உயரமும் ஏறத்தாழ அதுவே என்பதால், முக்கால் மணி நேரம் தெருவில் போகிறவர்களின் செருப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு ஜோடிச் செருப்பு நின்று, "நோட்டீஸ்காரரே, நாளைக்குத் தண்ணி உண்டா?" என்று கேட்டது. "கையெழுத்தானதும் பலகையில் போடுகிறேன்" என்றேன். செருப்பு போய்விட்டது. பிறகு மேஸ்திரி எட்டிப் பார்த்து, "என்ன பெரியவரே, உள்ள எறங்கணும்னா ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? ஏணிய எதுக்கு வச்சிருக்கோம்?" என்று கடிந்துகொண்டு தூக்கிவிட்டார். உள்ளே நின்றபோது காலுக்கடியில் வெறும் மண்தான் இருந்தது, குழாய் எதுவும் தட்டுப்படவில்லை. அதைக் கேட்கலாமா என்று நினைத்தேன். வேலை தெரிந்தவர்களிடம் போய் நாம் என்ன கேட்பது என்று விட்டுவிட்டேன். நேற்று மேலிடத்துப் பொறியாளர் பார்வையிட வருகிறார் என்று சொல்லி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். தையற்காரர் வீட்டுச் சுவரோரம் இரண்டு குழாய்கள் கிடக்கின்றன. மிச்சம் போலும்.

வீட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான் சமைப்பதை நானே சாப்பிடுகிறேன். இப்போது உப்பு அதிகமாகவே போட்டுக்கொள்கிறேன், ருசி என்னவோ வரவில்லை. சாப்பிடும்போது அவள் உட்காரும் பக்கம் திரும்பி, இன்னின்ன அறிவிப்பு வந்திருக்கிறது, இன்னும் கையெழுத்தாகவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். சொன்னால் ஒன்றும் ஆகிவிடவில்லை. ஊராட்சி அப்படியேதான் இருக்கிறது. இதை முப்பத்தெட்டு ஆண்டுகள் முன்பே பரிசோதித்திருக்கலாம்.

ஆகவே, பள்ளம் மூடியாயிற்று, பாதை சமமாயிற்று, அவள் வரலாம். நான் செய்தது பெரிய பிழை என்று அவளிடம் தாங்கள் சொல்லுங்கள். அண்ணன் சொன்னால் கேட்பாள். தங்களுக்கும் அண்ணியாருக்கும் என் வணக்கங்கள், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அனைவரும் நீண்ட ஆயுளுடன், சமமான தரையில் நடமாடி வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிக்கொண்டிருக்கும்போது எழுத்தர் வந்தார். வந்தவர் உட்காரவில்லை. "ஐயா, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. உங்க வாசல் முன்னாடி மட்டும் குழா போட மறந்துட்டாங்க. அந்தத் தையக்கார வீட்டோரம் கெடக்குதே ரெண்டு, அது உங்களுதுதான்" என்றார். வரும் திங்கட்கிழமை திரும்ப வெட்டுகிறார்கள். பணி மூன்று நாட்களில் முடியுமாம். இருபத்து நான்காவது அறிவிப்பு. செயலாளர் அம்மா அடுத்த புதன்கிழமை வரை விடுப்பில் இருக்கிறார். ஆகவே மேலே எழுதியது எதையும் தாங்கள் அவளிடம் சொல்ல வேண்டாம். இந்தக் கடிதத்தை அப்படியே அவள் கையில் கொடுத்துவிடுங்கள், அந்த எடை பற்றிய வரி உட்பட. அந்த அறிவிப்பின் வரைவையும் இதனுடன் இணைத்திருக்கிறேன். கையெழுத்தாகவில்லை. இந்தச் செய்தி எனக்குத் தெரிந்து இருபது நிமிடம் ஆகிறது. தபாலில் போட்டால் செவ்வாய்க்கிழமைதான் வரும் என்பதால் பன்னிரண்டே கால் பேருந்து நடத்துநரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் அவள் வந்துவிட்டால், வெட்டும்போது இருவரும் ஒரே பக்கம் இருப்போம். முழங்கால் மாத்திரையை இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வரச் சொல்லுங்கள்.