அமாவாசையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிய தீர்மானம்

பூமி சூரியனைச் சுற்றிவர முந்நூற்று அறுபத்தைந்தே கால் நாள் எடுத்துக்கொள்கிறது. சந்திரனுக்கோ அமாவாசைக்கு அமாவாசை இருபத்தொன்பதரை நாள். அந்தக் காலும் அரையும் எதற்கென்று எழுத்து மூலம் விளக்கம் கேட்ட முதல் மனிதன் அடியேன்தான் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் ஊர். பள்ளிக் கட்டடக் குழுவுக்கு நான் செயலாளர். புங்கமரத்தடியில் படித்துக்கொண்டிருந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓர் அறை கட்டிக்கொண்டிருந்தோம். சுவர் எழும்பிவிட்டது. சென்ட்ரிங் அடித்து, கம்பியும் கட்டியாயிற்று. மழைக்கு முன் மேல்தளம் போட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

புரட்டாசியில் ஒருநாள் மாயவன் மேஸ்திரி வந்தார்.

"சார், நாளைக்கு அமாவாச. ஆளுங்க வேலைக்கு வர மாட்டாங்க. நாளன்னிக்கு காலையில தளம் போட்ருலாங்க."

"வானத்துல நிலா இல்லாததுக்கும் வேலைக்கு ஆள் இல்லாததுக்கும் இன்னா சம்பந்தம் மேஸ்திரி?"

"ரெண்டு பேரும் ஒரே நாள்ல லீவு போடுறாங்க சார்."

கணக்குப் போட்டேன். வருடத்துக்குப் பன்னிரண்டு அமாவாசை. சில வருடம் பதின்மூன்று. ஞாயிறு வேறு ஐம்பத்திரண்டு. இரண்டு விடுப்பையும் ஒன்றாக்கினால் நாடு எங்கேயோ போய்விடும்! அன்றே ஒரு 'வரலாற்றுத் தீர்மானம்' வரைந்தேன்: "இனி அமாவாசை ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் மட்டுமே அனுமதிக்கப்படும்." மேஸ்திரி சொன்ன நாளில் தளம் போட்டால் பழைய சந்திரனை நாமே அங்கீகரித்ததாகிவிடும். ஆகவே, தீர்மானம் நிறைவேறும்வரை வேலையை நிறுத்திவைத்தேன்.

முதல் கூட்டத்தில் இரும்புக்கடை நவுஷாத் எழுந்தார்.

"அண்ணே, எங்க நோன்பு வருசா வருசம் பத்து பதினோரு நாள் முன்னாடி வந்துக்கினே இருக்குது. வெயில்லயும் வச்சிருக்கேன், மழையிலயும் வச்சிருக்கேன். பிறையைப் பாத்தமா, நோன்பு புடிச்சமான்னு போறோம். நீங்க இன்னா பிறைக்கே மெமோ குடுக்குறீங்க?"

'ஆழ்ந்த பரிசீலனைக்குரியது' என்று குறித்துக்கொண்டேன். பரிசீலிக்க ஒன்பது நாள் ஆயிற்று.

நான்காம் கூட்டத்துக்குக் கொளஞ்சியம்மாள் வந்தார். அவர் மகள் ஷாலினி இரண்டாம் வகுப்பு.

"எப்பா செயலாளரு, உங்க நெலா முன்ன பின்ன வரட்டும். ஐப்பசி அப்பிடி வராது. அது சூரியன் கணக்கு. பொறந்தா மலையில மேகம் எறங்கிடும். தளத்த எப்பப் போடுவ?"

"மழைக்குக் காரணம் மாதம் இல்லம்மா. பூமி இருபத்து மூன்றரை டிகிரி சாய்ஞ்சு சுத்துது. அதனாலதான் பருவமே மாறுது."

"அது சாய்ஞ்சிக்கினாவது சுத்துது. நீ நேரா குந்திக்கினு இன்னா பண்ற?"

இதை நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

ஏழாம் கூட்டத்தில் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வந்திருந்தது நான் ஒருவன்தான். வெளியே தீபாவளி வெடி. அன்று அமாவாசை, வியாழக்கிழமை. சந்திரன் ஒரு சுற்றை முடித்திருந்தது. நான் ஒரு பக்கத்தை முடித்திருந்தேன்.

மறுநாள் பிடித்த மழை பன்னிரண்டு நாள் விடவில்லை. சென்ட்ரிங் பலகை ஊறிப் பிளந்தது, கம்பி துருவேறியது. புங்கமரத்தடியில் முழங்கால் தண்ணீர். இரண்டாம் வகுப்புக்குத் தை வரை விடுமுறை என்றார்கள்.

"எங்க ஆளுங்க ஒரே நாள்தான் சார் லீவு போட்டாங்க" என்றார் மேஸ்திரி. நான் குடையைச் சரிசெய்துகொண்டேன்.

மேலிடத்திலிருந்து படிவம் வந்தது. 'தாமதத்துக்குக் காரணம்' என்ற இடத்தில் சந்திரன் என்று எழுதி அடித்தேன். பூமி என்று எழுதி அதையும் அடித்தேன். வேறொன்றும் தோன்றாமல் கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஈரப் புடவையோடு வந்து நின்ற கொளஞ்சியம்மாள் படிவத்தை வாங்கி, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"ரெண்டு தப்பு அடிச்சாலும் மூணாவது கரெக்டா எழுதிக்கிற. அனுப்பு."