தலைவர் மூஞ்சியைக் காணோம்

ஒரு காட்டில் ஒரு மரங்கொத்தி இருந்துச்சு. பேரு தங்கப்பழம். மத்த மரங்கொத்தியெல்லாம் மரத்தைக் கொத்தும், இது கீபோர்டைக் கொத்தும். டொக்கு டொக்குன்னு கண்ணை மூடிட்டுக் கொத்தும். வருஷத்துக்கு நாலு கீபோர்டு ஓட்டையாப் போயிரும். அதுக்குக் கணக்குக் கேக்குறவங்க யாருமில்ல, ஏன்னா அந்தம்மா என்ன வேலை பாக்குதுன்னே காட்டுல யாருக்கும் தெரியாது.

வேலை என்னன்னா, கதவு. அந்தக் காட்டுல பொந்து, புத்து, வளை எல்லாத்துக்கும் கம்ப்யூட்டர் கதவு. வீட்டுக்காரங்க குரலைக் கேட்டாத்தான் தொறக்கும். கதவுக்குள்ள ஓடுற ஆபரேட்டிங் சிஸ்டம் பேரு பச்சிலை. இலுப்பை மரத்தடியில ஒரு பெரிய பெட்டி இருக்கு, அங்கேர்ந்துதான் எல்லாக் கதவுக்கும் போகும்.

பச்சிலை எவன் அப்பன் வீட்டுச் சொத்தும் கெடையாது. கண்காணாத காட்டு மிருகமெல்லாம் சேந்து எழுதுனது. உள்ள என்ன எழுதியிருக்குன்னு யாரு வேணாலும் படிக்கலாம். தப்பு இருந்தா திருத்தலாம். எடுத்துட்டுப் போயி நம்ம வீட்டுல ஓட்டிக்கலாம். திருத்துனதையெல்லாம் வாரா வாரம் காக்கா ஒரு இலையில கொண்டாந்து குடுக்கும். அதை வாங்கி நம்ம பெட்டியில ஓடுற புரோகிராம் கோடுல சேத்துக்கணும். அம்புட்டுதான், பல்லு வெளக்குற மாதிரி. ஆனா பாருங்க, அந்தக் காட்டுல பல்லு வெளக்குறவனே கம்மி.

ஆறு வருஷமா சேக்கல. உலகமெல்லாம் பச்சிலை பத்து ஓடுது. இங்க இன்னும் பச்சிலை ஆறு. ஏன்னு கேளுங்க. தலைவர் மூஞ்சி.

தலைவர் ஒரு காட்டெருமை. பேரு மலையாண்டி. பதவிக்கு வந்த அன்னிக்கே, கதவு தொறக்கிறதுக்கு முன்னாடி தன் மூஞ்சி தெரியணும்னு கோடுக்குள்ள சொருக வெச்சிட்டாரு. சும்மா ஓரமா இல்ல, நட்ட நடுவுல. கொம்பு ஒரு எடத்துல, மூக்கு ஒரு எடத்துல, தாடை ஒரு எடத்துலன்னு கோடு பூராவும் பரவிக் கெடக்கு. பூனை தொரத்தி ஓடியாந்த எலி ஒண்ணு, கதவுல அந்த மூஞ்சி வந்து போற வரைக்கும் நின்னு கும்புட்டுச்சு. இன்னிக்கு அதுக்கு வாலு கெடையாது.

புதுசைக் கொண்டாந்து சேக்கலாம்னா, ஒவ்வொரு எடத்துலயும் தலைவர் மூஞ்சியில போயி முட்டுது. மூஞ்சியைத் தொடணும்னா கமிட்டித் தீர்மானம் வேணும். கமிட்டி கூடணும்னா தலைவருக்குச் சேத்துலேர்ந்து எந்திரிக்க மனசு வரணும்.

இப்படி ஓடிட்டிருக்கும்போது ஒருநாள் காலையில காக்கா பதறிட்டு வந்துச்சு.

"யக்கா, இந்த வாரம் அவசரம். தூரத்துக் காட்டு நீர்நாய் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கு. கதவை விடாம ஏழு தட்டு தட்டுனா, குரலே வேணாமாம். யாரா இருந்தாலும் தொறந்துருமாம்."

தங்கப்பழம் கீபோர்டை விட்டுட்டு எந்திரிச்சுச்சு. பொந்துக்குள்ள நாலு முட்டை. அடைகாத்து எட்டாவது நாள்.

"திருத்தம் வந்திருச்சா?"

"இந்தா, இலையிலயே இருக்கு. பத்துக்குப் போனவங்க எல்லாரும் சேத்தாச்சு."

"நம்ம காட்டுல இந்த இலையை வேற யாரு படிச்சா?"

"யாரு படிக்கிறா? கொம்பேறி மூக்கன் மட்டும் ஒரு பிரதி வாங்குச்சு. வாரா வாரம் வாங்கும்க்கா. பாவம், அதுக்குப் படிப்புல ரொம்ப ஆர்வம்."

பாவமாம்! மரமேறி முட்டை திங்கிற பாம்புக்குப் படிப்புல ஆர்வமாம்! காட்டுல அத்தனை மிருகம் இருக்கு, என்ன மாத்தியிருக்காங்கன்னு ஒழுங்கா உக்காந்து படிக்கிறது அது ஒண்ணுதான். நம்ம தங்கப்பழம் ஒரே பறத்தலா கமிட்டி ஆபீசுக்குப் பறந்துச்சு.

அங்க செயலாளர் உடும்பு பூவலிங்கம், நாற்காலியைக் கட்டிப் பிடிச்சு உக்காந்திருந்தாரு. எந்திரிச்சா வேற எவனாவது உக்காந்துருவான்னு பதினாலு வருஷமா எந்திரிக்காதவரு.

"அப்டேட் பண்ணணும்ணே. அவசரம்."

"பண்ணலாமே. புதுப்பித்தல் விண்ணப்பம் மூணு பிரதி. மூணுலயும் ஆமையோட கையெழுத்து."

"ஆமை போன மழைக்கே செத்துப் போச்சேண்ணே."

"அப்படியா? அப்ப செத்துட்டேன்னு ஆமைகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க."

தங்கப்பழம் தலையால செவுத்துல ரெண்டு கொத்து கொத்துச்சு. அந்தச் சத்தத்துல பக்கத்துச் சேத்துலேர்ந்து தலைவர் கண்ணைத் தொறந்தாரு.

"என்னம்மா அங்க சலசலப்பு?"

"தலைவரே, நாம இன்னும் ஆறுல நிக்கிறோம். பக்கத்துக் காடெல்லாம் பத்துக்குப் போயிருச்சு. கதவுல ஒரு..."

"என்னது? அவன் பத்து, நாம ஆறா?" தலைவருக்குக் கொம்பு செவந்துருச்சு. "பக்கத்துக் காட்டுக்காரன் என்னைப் பாத்துச் சிரிக்க மாட்டானா? இந்த ஆறுங்கிறது எங்க எழுதியிருக்கு?"

"கோடோட மொத வரியில."

"அழிச்சிட்டுப் பத்துன்னு எழுது."

"பத்துன்னு எழுதுனா பத்து ஆயிருமா தலைவரே?"

உடும்பு குறுக்க வந்துச்சு. "ஏன் ஆகாது? எனக்குச் செயலாளர்னு போர்டு எழுதுனாங்க. நான் ஆகலியா?"

தங்கப்பழம் மறுபடியும் கொத்தச் செவுத்துப் பக்கம் திரும்புச்சு.

தலைவர் ஒரு கனைப்புக் கனைச்சாரு. "பத்து எதுக்கு? பதினொண்ணுன்னு போடு. அவன் வயிறு எரியட்டும்."

போட்டாச்சு. சாயங்காலமே விழா. பெட்டிக்கு மாலை, கொடியை ரிப்பனாக் கட்டி அதைத் தலைவர் கடிச்சு அறுத்தாரு. "அன்பார்ந்த நாலு கால்களே, ரெண்டு கால்களே, கால் இல்லாத தோழர்களே! ம்ம்ம்... உலகமே பத்துல தவிக்கும்போது, நாம பதினொண்ணுல... ம்ம்ம்... பீடுநடை போடுறோம்!" கால் இல்லாத தோழர் ஒருத்தர், நம்ம கொம்பேறி மூக்கன், கிளையில சுத்திக்கிட்டு வால் நுனியால படபடன்னு தட்டுச்சு. தங்கப்பழம் எண்ணுச்சு. சரியா ஏழு தட்டு.

மறுநாள் விடிஞ்சதும் தங்கப்பழம் இலையோட பெட்டி முன்னாடி உக்காந்துச்சு. தீர்மானமாவது மண்ணாவது. அப்டேட்டுன்னு கொத்துச்சு. பெட்டி என்ன சொல்லுது தெரியுமா? "நீங்க உலகத்தையே முந்திட்டீங்க. உங்களுக்குப் புதுசாக் குடுக்க எதுவும் இல்லை. வாழ்த்துகள்."

அதான் பதினொண்ணுன்னு எழுதிட்டாங்கள்ல! பத்து வெச்சிருக்கிறவன் பதினொண்ணு வெச்சிருக்கிறவனுக்கு என்ன குடுப்பான்? ஒரு நம்பரை எழுதி, திருத்தம் வர்ற ஒத்தை வழியையும் அடைச்சிட்டாங்க, புத்திசாலிங்க.

தங்கப்பழம் பதினொண்ணை அழிச்சு, ஆறுன்னு உண்மையை எழுதிட்டு மறுபடி கொத்துச்சு. இப்ப வந்துச்சு. ஆறு வருஷத்துச் சரக்கும் மொத்தமா வந்து எறங்குச்சு. இருநூத்திப் பன்னெண்டு எடத்துல முட்டுது. ஒவ்வொரு எடத்துலயும் பெட்டி கேக்குது: உன்னுதா, ஊருதா, எதை வெச்சுக்கட்டும்? மூணு பகல் உக்காந்துச்சு. நடுநடுவுல ஓடிப்போயி முட்டையைத் திருப்பி வெச்சுட்டு வந்துச்சு. புழு தின்ன நேரமில்ல.

கடைசியா ஒரே ஒரு எடம். நீர்நாய் எழுதுன பூட்டும், தலைவரோட மூக்கும் ஒரே வரியில மாட்டிக்கிட்டு நிக்குது. ரெண்டுல ஒண்ணுதான் இருக்க முடியும். பூட்டா, மூக்கா?

தங்கப்பழம் தன் பொந்துப் பக்கம் ஒரு தடவை பாத்துச்சு. மூக்கைத் தூக்குச்சு. மூக்கு போனதும் மிச்ச மூஞ்சி தானாவே கழண்டு விழுந்துருச்சு. பச்சிலை பத்து, எல்லாக் கதவுக்கும் போயிருச்சு.

விழா விருந்து செரிக்கிற வரைக்கும் மூணு நாள் சுருண்டு கெடந்த கொம்பேறி மூக்கன், அன்னிக்கு மத்தியானமே வந்துச்சு. தங்கப்பழம் உள்ள முட்டை மேல எறகை விரிச்சு உக்காந்திருக்கு. டொக், டொக், டொக்... ஏழு. கதவு அசையல. மறுபடி ஏழு. அசையல.

"அம்மா, உள்ள இருக்கீங்களா?" வெளியேர்ந்து குரல்.

"இருக்கேன்."

"பத்துக்குப் போயிட்டீங்களோ?"

"போயிட்டேன்."

"சேச்சே. நம்ம காட்டுல இந்த மாதிரி ஒரு ஆளு இருக்குன்னு தெரியாமப் போச்சே." பெருமூச்சு விட்டுச்சு பாம்பு. "மோதல் எத்தனை?"

"இருநூத்திப் பன்னெண்டு."

"அடேயப்பா! கஷ்டமான வேலைதாம்மா. வரட்டா?"

போயிருச்சு. அன்னிக்கு அது எலி வீடு, முயல் வீடு, கிளி வீடு எல்லாம் தட்டிப் பாத்து, வெறும் வயித்தோட போயிச் சுருண்டுச்சு. காட்டுல ஒரு முட்டை போகல. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல.

ஒண்ணும் ஆகாததுதான் வினையாப் போச்சு.

மறுநாள் காலையில கமிட்டி கூடுச்சு. ஆறு வருஷமாக் கூடாத கமிட்டி, அரை மணி நேரத்துல கூடுச்சு. என்ன விஷயம்? கதவுல தலைவர் மூஞ்சியைக் காணோம்!

"ஏம்மா தங்கப்பழம்," தலைவர் குரலே ஒடைஞ்சு போச்சு, "என் மூஞ்சி உன்னை என்னம்மா பண்ணுச்சு?"

"பாம்பு வந்துச்சு தலைவரே. ஏழு தட்டு தட்டுச்சு. மூஞ்சி இருந்திருந்தா தொறந்திருக்கும்."

உடும்பு கேட்டுச்சு: "பாம்பு யாரையாவது கடிச்சுச்சா?"

"இல்ல."

"முட்டை போச்சா?"

"போகல."

"அப்ப எதுக்கு அப்டேட்டு? ஒண்ணும் ஆகாததுக்குப் போயித் தலைவர் மூக்கை அறுத்திருக்கீங்க!"

"அப்டேட் பண்ணதாலதாண்ணே ஒண்ணும் ஆகல."

காடே சிரிச்சுச்சு. வாலு போன எலி இருக்கே, அதுதான் ரொம்பச் சிரிச்சுச்சு. பேக்கப்புலேர்ந்து பழைய பதினொண்ணை எடுத்து எல்லாக் கதவுலயும் போட்டாங்க. தங்கப்பழத்தைப் பெட்டிப் பக்கம் வரக்கூடாதுன்னு தள்ளி வெச்சாங்க. தன் கதவை மட்டும் அது பழசுக்குப் போக விடல. பொந்து வாசல்ல அலகை நீட்டி நின்னுச்சு, எவனும் கிட்ட வரல.

அடுத்த நாளு. கொம்பேறி மூக்கன் எல்லாத்தையும் கவனிக்கிற பாம்பாச்சே. மொதக் கதவே செயலாளர் வீடு. டொக்கு டொக்குன்னு ஏழு. தலைவர் மூஞ்சி வந்துச்சு. பாம்பு மரியாதையாக் கும்புட்டுச்சு. கதவு தொறந்துச்சு. உள்ள பதினெட்டு முட்டை. ஒண்ணை முழுங்கிட்டு ரெண்டாவதுக்கு வாயைத் தொறக்கும்போது உடும்புப் பொண்டாட்டி வந்து வாலால விட்ட அடியில பாம்பு ஓடியே போச்சு.

உடும்பு பதினாலு வருஷத்துல மொத தடவையா நாற்காலியை விட்டு எந்திரிச்சு ஓடுச்சு. "அய்யோ, எம்புள்ள! எம்புள்ள!" காடே கூடி அழுதுச்சு. தலைவரும் சேத்தோட வந்து அழுதாரு. "உடனே நடவடிக்கை எடு!"

உடும்பு எடுத்துச்சே நடவடிக்கை! நேரா இலுப்பை மரத்தடிக்குப் போச்சு. தங்கப்பழம் மூணு நாள் பட்டினி கெடந்து சேத்து வெச்சிருந்த அதே பத்து அங்கயே கெடந்துச்சு. மொத வரியில பன்னெண்டுன்னு எழுதுச்சு. ஒரு பட்டனை அமுக்குச்சு. முடிஞ்சுது. மூஞ்சி? அதைத் தலைவரே காட்டு நலனுக்காகப் பெருந்தன்மையா விட்டுக்குடுத்துட்டாராம். அந்தப் பெருந்தன்மைக்குத் தனியா ஒரு விழா.

உடும்புக்கு ஆளுயர மாலை. "பதினேழு முட்டை காத்த பூவலிங்கம்"னு பட்டம். எலி மேடையேறி, "இவரு மட்டும் இல்லேன்னா..."ன்னு சொல்லி, மேல பேச முடியாமத் தேம்புச்சு.

தங்கப்பழத்துக்கும் ஒண்ணு குடுத்தாங்க. மெமோ. "மேற்படி ஓட்டையை முன்கூட்டியே அடைக்கத் தவறியது ஏன்? மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்." தரவும்னா எப்படித் தர்றது? ஆமை கையெழுத்தோட மூணு பிரதி. வேற ஆளு கெடைக்காததால, தண்டனையா அந்தப் பெட்டி வேலையையே திருப்பிக் குடுத்துட்டாங்க.

ரெண்டு வாரம் போச்சு. நாலு முட்டையும் பொரிச்சு, பொந்துக்குள்ள ஒரே கீச்சு கீச்சு. காக்கா மறுபடி பதறிட்டு வந்துச்சு.

"யக்கா, புது ஓட்டை! நகத்தால ஓரமாக் கீறுனா தொறந்துருதாம். இந்தா திருத்தம்!"

தங்கப்பழம் இலையை வாங்குச்சு. தன் கதவுல உக்காந்து கொத்துச்சு, போட்டுச்சு, ரெண்டு தடவை தானே கீறிப் பாத்துச்சு. கெட்டியா நின்னுச்சு. அப்புறம் இலையை மடிச்சு மரப்பட்டைக்குள்ள சொருகிட்டு, எறகைக் கோதிக்கிட்டு உக்காந்துச்சு.

"யக்கா, மத்த கதவுக்கு?"

"நம்ம காட்டுல இலையை வேற யாரு வாங்குனா?"

"மரநாய் ஒண்ணு புதுசா வாங்க ஆரம்பிச்சிருக்கு."

"நல்லது. அது ஒரு தடவை வந்துட்டுப் போகட்டும். அப்புறம் போடுறேன்."

"அய்யய்யோ, யாரு வீட்டுக்காவது வந்துருமேக்கா!"

"தலைவர் வீடு கூப்பிடு தூரந்தானே? வழி தெரியலேன்னா நீயே சொல்லி விடு."

நீதி: ஓட்டையை யாரும் சாகறதுக்கு முன்னாடி அடைச்சா மெமோ, செத்ததுக்கு அப்புறம் அடைச்சா மாலை. அதனால ஒழுங்கா வேலை தெரிஞ்சவங்க, மொதல்ல தன் கதவைச் சாத்திட்டு, பாம்பு சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பொறுமையா இருக்கணும்.