ஜப்பான் ராவுத்தரின் பதினெட்டுக் குழி

“எஸ்.எஸ்.எல்.சி. பாசாகி ஜப்பானுக்கா போகப்போறே?” என்று கேட்டார் என் சித்தப்பா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கிடைத்த டைப்பிஸ்ட் வேலை நிலைக்காவிட்டால் செம்பட்டி மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று பேச்சு.

என் முதலாளி ஜப்பான் ராவுத்தர். உலகத்திலேயே ஒரே முறை ஜப்பானுக்குப் போய் இன்னும் திரும்பி வராத மனிதர் அவர்தான். உடம்பு மட்டும் திண்டுக்கல் தோல் மண்டியில் உட்கார்ந்திருக்கும்.

“ஒசாகா, கோபே பக்கம் மலைச்சரிவு, தாயி. முதலாளிமாரெல்லாம் வேகாத வெயில்ல பந்தத் தட்டிக்கிட்டே மலை ஏறுறாங்க. கூலி கெடையாது. இவுங்கதான் காசு குடுக்குறாங்க!”

தோல் வாங்க ஒரு ஜப்பான்காரர் வருவதாகத் தந்தி வந்தது. ராவுத்தர் உடனே தம் கரட்டுச் சரிவை கோல்ப் மைதானமாக்கத் துணிந்தார். அவர் ஜப்பானிலிருந்து கொண்டுவந்திருந்த ஆங்கில விதிப் புத்தகத்தை நான்தான் படித்துச் சொன்னேன்.

“குழி நாலேகால் அங்குலம், மொதலாளி.”

“அச்சுப்பிழை. இம்புட்டுப் பெரிய மலைக்கு அங்குலத்துலயா வெட்டுவான்? அடியாத்தான் இருக்கும்.”

“இல்லை, அங்குலம்தான்.”

“சரி, நீயும் விட்டுக்குடு, நானும் விட்டுக்குடுக்குறேன். மூணடி!”

மண்வெட்டு வேலை பார்க்கும் அகரம் மாரியக்கா ஆட்களோடு வந்து பதினெட்டுக் குழியும் வெட்டினாள். விருந்தாளி வந்த காலையில் போய்ப் பார்த்தால், குழிக்கு ஒரு தென்னம்பிள்ளை. தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது.

“என்ன புள்ள இது?” ராவுத்தர் அலறினார்.

“வெட்டுன குழிய வெறுமன விட்டா அது ஆளக் காவு கேக்கும், மொதலாளி. மூணடின்னா தென்னைக்குத்தானே? நீங்க சொல்ல மறந்துட்டீகன்னு நாங்களே வச்சுட்டோம்.”

விளையாடக் கோல்ப் மட்டையோடு நின்ற ஜப்பான்காரர், குழி எங்கே என்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார். வியாபாரம் போய், வேலையும் போய், சித்தப்பா பந்தல்கால் ஊன்றுவது என் கண்ணில் தெரிந்தது. துணிந்து ஆங்கிலத்தில் சொன்னேன்: “உங்கள் ஊரில் குழிக்குள் பந்து போகும். எங்கள் ஊரில் குழியிலிருந்து மரம் வரும். உங்கள் வருகைக்காக வைத்தது.”

அவர் ஒவ்வொரு கன்றுக்கும் குனிந்து வணங்கினார். அன்றே சரக்குக்குக் கையெழுத்துப் போட்டார்.

“என்ன தாயி சொன்னே?”

“எல்லாம் உங்க ஏற்பாடுன்னு சொன்னேன்.”

மறுநாளே ராவுத்தரும் அதை நம்பிவிட்டார். கோல்ப் என்றால் தென்னை வளர்ப்பு என்று வருஷக்கணக்கில் ஊருக்குப் பாடம் எடுத்தார்.

போன வாரம் என்னைச் சென்னைக்கு ரயிலேற்ற வந்தவர், ஓர் இளநீரை என் மடியில் வைத்தார். “ஒம்பதாங் குழி, தாயி. அங்குலமா அடியான்னு அவுக பாஷையிலயே கேட்டு எழுது.”

சித்தப்பா கவனிக்க: சென்னையில் ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்துவிட்டேன். அந்த இளநீரை மட்டும் சீவ இன்னும் மனம் வரவில்லை.