உங்கள் அக்காவை உடனே அனுப்பி வைக்கவும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அங்கே நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் அக்கா சமைக்கிறாள், உங்களுக்கென்ன குறை? போனில் பேசலாம் என்றால் எடுப்பதும் அவள், வைப்பதும் அவள். அதனால்தான் கடிதம். அவளை உடனே அனுப்பி வைக்கவும்.

'மனுஷனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு' என்று உங்களிடம் சொல்லியிருப்பாள். நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் நான். என் விசில் கேட்காமல் ஒரு வண்டி நகர்ந்ததில்லை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் இந்த வீடு ஓடுகிற லட்சணத்தைப் பார்த்தேன். மகன் குளியலறைக்குள் போனால் உள்ளேயே குடித்தனம். மருமகள் ஒரு கையில் சீப்பும் மறு கையில் செருப்புமாக ஆபீசுக்கு ஓடுகிறாள். இந்த நேரம் பார்த்து செல்போன் வீடியோவில் ஒருவர், 'உங்கள் வாழ்க்கைக்குத் திட்டம் இருக்கிறதா?' என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். ரோஷம் வந்துவிட்டது மச்சான். டிப்போவில் போடுவதைப் போலவே பெரிய சார்ட் போட்டு ஹால் சுவரில் ஒட்டினேன். யார் எப்போது எழுவது, எப்போது வெந்நீர் குடிப்பது, எப்போது மூச்சுப் பயிற்சி, எப்போது சிரிப்பது (சிரிப்பு உடம்புக்கு நல்லதாம்), வருகிற ஐந்து வருஷத்தில் யார் என்ன ஆவது, எல்லாம் அதில் இருந்தது.

முதல் நாள் குளியலறை வாசலில் நின்று விசில் ஊதினேன். மகன், "என்னப்பா, தீப்பிடிச்சிருச்சா?" என்று சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு தெருவரைக்கும் ஓடிவிட்டான். எதிர்வீட்டு நாய், விசில் தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று முடிவு கட்டி, தினமும் மூச்சுப் பயிற்சிக்கு வர ஆரம்பித்தது. பாவம் என்று அதற்கும் சார்ட்டில் ஒரு வரிசை கொடுத்தேன். இந்த வீட்டில் நேரம் தவறாத ஆள் அதுதான். மருமகளின் ஆபீசில் மேனேஜர் தன் கால் முறிந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் போன் செய்து, "சிரிம்மா, நேரமாச்சு" என்றது ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டுத் தொலைத்ததாம். "மாமா, உங்களுக்குக் கோடி புண்ணியம், இனிமே போன் பண்ணாதீங்க" என்றாள். ரத்த அழுத்தம் பார்க்கப் போனேன். "இப்படி எகிறிக் கிடக்கே, வீட்ல என்ன டென்ஷன்?" என்றார் டாக்டர். "டென்ஷன் குறையறதுக்குத் திட்டம் போட்டிருக்கேன் சார்." "அதை முதல்ல நிறுத்துங்க" என்றார். நான் அந்த டாக்டரை நிறுத்திவிட்டேன்.

இதெல்லாம் போகட்டும். போன வாரம் உங்கள் அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சார்ட் முன்னால் வந்து நின்றாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"எல்லாரும் இருக்கீங்க. நாய்கூட இருக்கு. நான் எங்கே?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அட, ஓடற வண்டிக்குத்தானே டைம் போடுவாங்க? டிப்போவுக்கு யாராவது டைம் போடுவாங்களா?" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன் மச்சான், சத்தியமாக.

"அப்போ நான் எப்ப வேணும்னாலும் கிளம்பலாம். ஏன்னு கேக்க முடியாது" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். என் சர்வீசில் அப்படியொரு புறப்பாட்டைப் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து இங்கே எதுவும் ஓடவில்லை. வெந்நீர் நேரம் வருகிறது, வெந்நீர் வருவதில்லை. மகன் ஒரு காலில் கறுப்பு சாக்ஸ், மறுகாலில் நீல சாக்ஸ் போட்டுக்கொண்டு போகிறான். நாய் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. சாயங்காலம் சும்மா உட்கார்ந்திருந்தால், "ஏங்க, அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைங்க" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். இப்போது நானாகவே கூட்டி வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழிக்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் இல்லாமல் என்னால முடியல மச்சான். சார்ட்டைக் கிழித்துவிட்டேன். இனித் திட்டம் என்ற பேச்சையே எடுக்கமாட்டேன் என்று அவளிடம் சொல்லுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம். குழந்தைகள் நினைத்த நேரத்தில் எழுந்து, நினைத்த நேரத்தில் குளித்து, நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
நேரம் போகாமல் தவிக்கும்
முன்னாள் டைம் கீப்பர்

பி.கு.: உறையை ஒட்டும்போது உங்கள் அக்கா தானாகவே வந்து நிற்கிறாள். மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனாளாம், எடுக்க வந்தாளாம். அதைப் போட்டுக்கொண்டு முதல் காரியமாக இந்தக் கடிதத்தைப் படித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு உட்கார்ந்து புது சார்ட் ஒன்று போட்டாள். அவள் வரிசையில் 'என் இஷ்டம்' என்று மட்டும் இருக்கிறது. காய் நறுக்குவதிலிருந்து எதிர்வீட்டு நாயைக் குளிப்பாட்டுவது வரை மற்றக் கட்டமெல்லாம் நான்தான். விசிலும் இப்போது அவள் கழுத்தில். ஆகையால் மேலே 'அவளை உடனே அனுப்பி வைக்கவும்' என்று இருப்பதை, 'என்னை உடனே வந்து அழைத்துப் போகவும்' என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். இதைக் குளியலறைக்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நீங்கள் வரும்போது மறக்காமல் ஒரு... ஐயோ, ஊதிட்டா!