நான்காம் பிரிவும் என் மகள் கல்யாணமும்

விதி எழுதுகிறவன்தான் அந்த விதிக்கு முதல் பலி. முப்பத்தைந்து வருடம் ரங்கூனில் அரசாங்கக் கோப்பு நகர்த்தி, தலைமை எழுத்தராக ஓய்வுபெற்ற எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

ரங்கூன் தாமுவேயில் எங்கள் தமிழ் பாப்டிஸ்ட் சபை சிறியது, கொள்கை பெரியது. வேதத்தை எழுத்துக்கு எழுத்து நம்பாதவரோடு சேர மாட்டோம். அவரோடு சேருகிறவரோடும் சேர மாட்டோம். (இந்தக் கணக்கில் கடைசியில் மிஞ்சுவது நாமும் முகம் பார்க்கும் கண்ணாடியும்தான்.)

எங்கள் பாஸ்டர் யோபு. பக்கத்துத் தின்கன்ஜூன் சபைக்குப் பாஸ்டர் தீத்து. இருவரும் வேதாகமக் கல்லூரியில் ஒரே அறைவாசிகள். ஒரே வீட்டில் அக்காளை யோபுவும் தங்கையைத் தீத்துவும் கட்டியிருந்தார்கள். இருவரையும் தலையில் கைவைத்து ஊழியத்துக்கு ஏற்படுத்தியவரும் அந்த மாமனார்தான். இவர் நடத்தும் பள்ளிக்குழுவில் அவர், அவருடைய சபைக் குழுவில் இவர். தீத்துவின் மகனுக்குத்தான் என் மகள் ரூத்தை நிச்சயித்திருந்தோம்.

அந்தச் சமயத்தில் தீத்து ஒரு கிறிஸ்துமஸ் விழாவில் வேறு சபைப் போதகர்களோடு மேடையேறி ஜெபித்துவிட்டார். பர்மிய வழக்கப்படி மரியாதையாக ‘ஊ’ போட்டு யோபு என்னைக் கூப்பிட்டார்.

“ஊ சாமுவேல், தீத்துவை விட்டுப் பிரிஞ்சுதான் ஆகணும். முறைப்படி ஒரு தீர்மானம் எழுதிக் குடுங்க.”

ஓய்வுபெற்று மூன்று மாதமாக எழுத ஒன்றுமில்லாமல் கிடந்தவனிடம் ‘முறைப்படி’ என்று சொல்லலாமா? ஐந்து பிரிவுகள் எழுதினேன். நான்காவது: பிரிக்கப்பட்டவரோடு மேடையில் ஏறுகிறவரும் பிரிக்கப்பட்டவரே. ஐந்தாவது: இதை ரத்துசெய்யப் பதினான்கு நாள் முன்னறிவிப்போடு சபைக் கூட்டம் கூட்ட வேண்டும். ஏகமனதாக நிறைவேறியது. நகலை நானே பஸ்ஸில் கொண்டுபோய்த் தீத்துவிடம் கொடுத்தேன்.

“நல்லா எழுதியிருக்கீங்க சம்பந்தி,” என்றார். காப்பியும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தேன். மனைவி எஸ்தர் கல்யாணப் பத்திரிகையை நீட்டினாள்.

“யோபு சயாவும் தீத்து சயாவும் சேர்ந்து நடத்திவைப்பாங்கன்னு அச்சடிச்சிருக்கு. எந்த மேடையில?”

(இங்கே பாஸ்டரையும் பர்மிய வழக்கப்படி ‘சயா’ என்போம்.) சபை ஒரு கோப்பு, கல்யாணம் ஒரு கோப்பு என்றுதான் வைத்திருந்தேன். கல்யாணத்துக்கு ஒன்பது நாள். ரத்துசெய்யப் பதினான்கு நாள். யோபுவிடம் ஓடினேன்.

“நீங்க எழுதின விதி. நானே மீறினா சபை என்ன சொல்லும்?”

அடுத்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. தொலைபேசி அடித்தாலே மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்கிறார்களோ என்று நானே ஓடிப்போய் எடுத்தேன். ஆறாம் நாள் ரூத் தீர்மானத்தை வாங்கிப் படித்தாள்.

“மேடைன்னுதானே போட்டிருக்கீங்க? தரையில நின்னா?”

(அலுவலகத்தில் இப்படி ஓட்டை கண்டுபிடிப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அன்று மகளைக் கும்பிட்டேன்.)

கல்யாணத்தன்று பூ அலங்கரித்த மேடை காலியாக இருந்தது. கீழே, தரையில், இரு பாஸ்டர்களும் நான்கடி இடைவெளியில் நின்றார்கள். பின்வரிசைக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் எழுந்தார்கள்.

“பொண்ணு எங்கய்யா? நின்னுக்கிட்டு இருக்கா, உக்காந்துட்டாளா?” என்று ஒரு பெரியவர் கத்தினார்.

கூட்டம் கலைந்து கல்யாணமே நின்றுவிடுமோ என்ற பதற்றம் எனக்கு. மேடையில் தாவி ஏறினேன். “எல்லாரும் உட்காருங்க! வரிசைப்படி!” என்று கையை ஆட்டியதில் பூச்சட்டி காலில் இடறித் தள்ளாடினேன். தீத்து பாய்ந்து மேலே வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“பாத்து, சம்பந்தி!”

கீழேயிருந்து யோபுவின் குரல் வந்தது:

“ஊ சாமுவேல், நாலாம் பிரிவு!”

மணப்பெண்தான் முதலில் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு கல்யாணம் முடிந்தது. நான் சமையல் பக்கம் போனபோது இரு பாஸ்டர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காளும் தங்கையும் பரிமாறினார்கள். அந்தப் பெஞ்சைப் பற்றி நான் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அடுத்த மாதம் முறைப்படி கூட்டம் கூடித் தீத்துவை மீண்டும் சேர்த்துக்கொண்டோம். தீர்மானத்தை எழுதியவன் நானே. அதில் என் பெயரைச் சேர்க்க மறந்துவிட்டேன். ஆவணப்படி இன்றுவரை நான் பிரிக்கப்பட்டவன்.

இப்போதும் குடும்பம் முழுவதும் கூடிச் சாப்பிடும்போது நான் நாற்காலியை இழுத்தால் போதும், ரூத் தலையைத் தூக்காமலே சொல்வாள்:

“அப்பா, நீங்க தரையில உட்காருங்க. எங்களையும் பிரிச்சிடப் போறாங்க.”